பிரதீபா எழுந்து நின்ற விவரம்

கோவளம்,
14.8.2003

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களின் சமூகத்திற்கு, கோவளம் பஸ் நிறுத்தத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் நூர்முகமது ஸலாம் கூறி எழுதுவது. இறைவன் அருளால் நானும் என் மனைவி சைதூனும் கடையும் நலம். தாங்களும் தங்கள் அச்சாபீசும் நலமாயிருக்க துஆச் செய்கிறோம்.

ஐயா, தங்கள் வார இதழின் மானத்தை எங்கள் ஊர்ப் பெண்கள் காப்பாற்றிவிட்டார்கள்! அதைச் சொல்லத்தான் வியாபார நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு எழுதுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் திருநாவுக்கரசு என்ற எழுத்தாளர் தங்கள் இதழில் 'பிரதீபாவின் பதில்' தொடர்கதை எழுதினார் அல்லவா? வெள்ளிக்கிழமை மத்தியானம் சைதூன் அதை உரக்கப் படிப்பாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் பதினைந்து பேர் கூடிவிடுவார்கள். நான் உள்ளறையில் தூங்குவதாகப் பேர் பண்ணிக்கொண்டு ஒரு வரி விடாமல் கேட்பேன். அடிக்கிற புருஷனை விட்டு வந்து பிரதீபா இட்லிக் கடை போடுகிறாள். கடைசி அத்தியாயத்தில் அவன் வந்து கூப்பிட்டதும், "என் அடுப்பு எரிகிறது, நீங்கள் போகலாம்" என்றாளே, அன்று நான் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். கேட்டவர்களில் பாப்பா என்றொரு பெண். புருஷன் ஞானதாஸ் அடித்த அடியில் கை வீங்கி, அம்மா வீட்டுக்கு வந்திருந்தவள். அவள் மறுவாரமே என் கடைக்குப் பக்கத்தில் நாஸ்தா கடை போட்டாள். இன்று அவள் இட்லிக்குக் கேளம்பாக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் ஆபீஸ்காரர்கள் பைக்கில் வருகிறார்கள்.

இப்படியிருக்க, டிவிக்காரர்கள் அந்தக் கதையைச் சீரியலாக எடுத்தார்கள். பிரதீபாவுக்கு இல்லாத தங்கச்சியைச் சேர்த்தார்கள், பொறுத்தோம். தூங்கும்போதும் ஒட்டியாணத்தோடு தூங்க வைத்தார்கள், பொறுத்தோம். போன மாதம் அவள் கடையைப் பூட்டிப் புருஷனிடம் திரும்பப் பெட்டி கட்டியதும் ஊரே கொதித்தது. மறுநாள் காலையில் ஞானதாஸ் பவுடர் பூசிக்கொண்டு நாஸ்தா கடை முன் வந்து நின்றான்.

"இன்னா பாப்பா, டிவி பாத்தியா? அந்தப் பொண்ணே பூடுச்சு. கெளம்பு, வூட்டுக்குப் போலாம்."

பாப்பாவின் அண்ணன் ஆபிரகாமும், "ஊரே பாக்குற கதைல அப்டித்தான கீது" என்று ஒத்து ஊதினான். ஞாயிற்றுக்கிழமை அனுப்புவதாக நாளும் குறித்தாயிற்று. பாப்பா அழுது நான் பார்த்ததில்லை ஐயா. அன்று கரண்டியைப் பிடித்தபடியே அழுதாள்.

கடைசிக் காட்சியை நெம்மேலி பங்களா ஒன்றில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். யூனிட் அறுபது பேருக்கும் காலை இட்லி பாப்பா கடையிலிருந்து போக வேண்டும் என்பது அல்லாஹ் செய்த ஏற்பாடு. சனிக்கிழமை அண்டாக்களோடு பதினைந்து பெண்களும் பஸ் ஏறினார்கள். சாம்பார் வாளியோடு நான். போய்ப் பார்த்தால், பிரதீபா புருஷன் காலில் விழுந்து கிடக்கிறாள், காமிரா ஓடுகிறது. பாப்பா அண்டா மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"அவ எழுந்தாதான் இட்லி. இல்லாங்காட்டி எல்லாரும் பட்டினி கெடங்க."

டைரக்டர் பக்தவத்சலம் ஓடி வந்தார். "அம்மா, கதையிலயே அப்படித்தாம்மா இருக்கு!"

"எந்தக் கதைல?" என்றாள் சைதூன். "வாராவாரம் படிச்சவ நான். நீங்க படிச்சீங்களா?"

டைரக்டர் உதவியாளரைப் பார்த்தார், உதவியாளர் காமிராக்காரரைப் பார்த்தார், காமிராக்காரர் அண்டாவைப் பார்த்தார். ஒருத்தரும் படிக்கவில்லை ஐயா! தரையில் கிடந்த நடிகையே, "சார், எழுந்துக்கட்டுமா? பசிக்குது" என்றது. பத்தரை மணிக்குப் பிரதீபா எழுந்து நின்றாள். "என் அடுப்பு எரியுது" வசனத்தைப் பாப்பா கடையிலேயே எடுத்தார்கள். டிவியில் வரட்டும், பார்க்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தை ஆபிரகாம் தள்ளிப்போட்டான். நேற்று ஒளிபரப்பானபோது எங்கள் தெருவில் வெடி போட்டார்கள். ஞானதாஸ் விளம்பர இடைவேளையிலேயே பஸ் ஏறிவிட்டான்.

ஆபிரகாம் மட்டும், "இட்லிக்குப் பயந்து மாத்திட்டான். புக்குல இன்னா கீதுன்னு காட்டு, ஒத்துக்கிறேன்" என்று அடம் பிடிக்கிறான். ஆகவே அந்தக் கடைசி அத்தியாயத்தை அடுத்த இதழிலேயே மறுபடியும் கொட்டை எழுத்தில் அச்சிட்டு அவன் வாயை அடைக்கும்படிக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பேனாவும் பேப்பரும் பெருக, விற்பனை ஓங்க எங்கள் பதினைந்து வீட்டு வாழ்த்துகள்.

இப்படிக்கு,
நூர்முகமது

பி.கு.: இதழின் தேதியைக் குறிப்பிடலாமே என்று பரணிலிருந்து பழைய இதழ்க் கட்டை இறக்கினேன். ஐயா, பிரதீபா காலில் விழுகிறாள். கண்ணாடியைத் துடைத்துப் படித்தேன், அப்போதும் விழுகிறாள். சைதூனைக் கேட்டேன். "அன்னிக்கு வீங்குன கையோட எதிர்ல உக்காந்துகினு இருந்தா பாப்பா. அவ மூஞ்சியப் பாத்துகினு அத எப்டிங்க படிப்பேன்?" என்றாள். ஆகவே மேலே கேட்டதை மறந்துவிடவும், எதையும் அச்சிட வேண்டாம். எழுத்தாளர் கோபித்தால் இங்கே அனுப்பிவையுங்கள், பாப்பா இட்லி போட்டுச் சமாதானம் செய்வாள். எங்கள் ஊரிலிருந்த ஒரே பிரதியில் அரைக் கிலோ துவரம்பருப்பு மடித்துக் கொடுத்துவிட்டேன். வாங்கியவர் செங்கல்பட்டு பஸ் ஏறிவிட்டார்.