ஒட்டாவா உரையும் உள்ளர்த்தக்காரரும்

எங்கட சனத்துக்குள்ள ஒரு வகை ஆக்கள் இருக்கினம். அவையைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி ஒண்டும் தேவையில்லை. பக்கத்தில இருக்கிறவரிட்ட, "நாளைக்குச் சினோ கொட்டுமாம், ரேடியோவில சொன்னவங்கள்" எண்டு சும்மா சொல்லிப் பாருங்கோ. "ஓமோ?" எண்டு கேட்டிட்டுத் பனித் தொப்பியைத் தேடினால் அவர் சாதாரண மனுசன். கண்ணைச் சுருக்கி, குரலைப் பதிச்சு, "ஏன் இண்டைக்குப் பார்த்துச் சொல்லுறாங்கள்?" எண்டு கேட்டால், அவர்தான். உள்ளர்த்தக்காரர்.

உள்ளர்த்தக்காரருக்கு வெளியர்த்தம் எண்ட ஒண்டு இந்த உலகத்தில இல்லை. மற்றவைக்குத் தீபாவளி, நத்தார் இருக்கிறது போல அவருக்கும் வருசத்தில ஒரு பெருநாள் இருக்கு. ஒட்டாவாவில பார்லிமெண்ட் திறந்து, வாற வருசம் அரசாங்கம் என்ன செய்யப்போகுது எண்டு ஒரு உரை வாசிப்பினமே, அந்த நாள். அந்த உரையின்ர கூத்துத் தெரியுமோ? எழுதுறது பிரதமரும் அவற்ற ஆக்களும். வாசிக்கிறது இங்கிலாந்து ராணியின்ர பிரதிநிதி அம்மா. பிரதமர் பக்கத்துக் கதிரையில கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். எழுதினவர் வாசிக்கமாட்டார், வாசிக்கிறவ எழுதேல்லை. அப்ப விளங்கப்படுத்த ஒராள் வேணுமெல்லோ? அதுக்குத்தான் மொன்றியல் கார்ட்டியர்வில்லில, ரண்டாம் மாடியில, யோகேந்திரன் அண்ணை இருக்கிறார். ஆரும் நியமிக்கேல்லை. தானாத்தான் இருக்கிறார்.

உரை வாறது வேலைநாளில. அந்த நேரம் அண்ணை ஒரு வெயார்ஹவுசில பெட்டி ஏத்திக்கொண்டு நிற்பார். அதால காலமையே வீடியோவில கசெற்றைத் தள்ளி, உரை பதியிற நேரத்தைக் குறிச்சு விட்டிட்டுத்தான் வேலைக்குப் போறது. சனிக்கிழமை ரண்டு மணிக்குத் திரையிடல். சனம் செற்றியில இருக்கும், அண்ணையின்ர மனுசி அஜந்தா குசினியில றோல்ஸ் பொரிப்பா, அண்ணை நடுவில றிமோட்டோட இருப்பார். ஒரு வசனம் ஓடும். டக்! நிப்பாட்டுவார். ராணியின்ர பிரதிநிதி வாயை அரைவாசி திறந்து, கண் சொருகினபடி அப்பிடியே நிற்பா.

"பார்த்தியளோ?"

"என்னத்தை?" எண்டு கேட்பார் பத்திநாதர். பத்திநாதர் கீழ்மாடிக்காரர். கோயிலுக்கு மணி இருக்கிறது போல உள்ளர்த்தக்காரருக்குப் பக்கத்தில ஒரு பத்திநாதர் இருப்பார்.

"அவ தண்ணி குடிச்சதை."

"தொண்டை காஞ்சிருக்கும்."

"ஆறு பக்கம் வாசிச்சவ, காயேல்லை. 'உலக சமாதானம்' எண்ட இடத்தில மட்டும் ஏன் காயுது?"

பத்திநாதர் றோலைக் கடிச்சபடி யோசிப்பார். நியாயந்தானே, ஏன் காயுது? "ஓமோம்."

ஈழத் தமிழர் எண்ட எங்கட பேர் உரையில வந்ததோ எண்டு ஆராவது கேட்டால் அண்ணை அவரை இரக்கத்தோட பார்ப்பார். "விசரே உமக்கு? பேரைச் சொன்னால் அது சின்ன விசயம். சொன்ன உடனே கொழும்பு உசாராயிடும். இவ்வளவு பக்கம் வாசிச்சும் எங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையெண்டால், அப்ப எவ்வளவு பெரிசாச் செய்யப்போறாங்கள்?" இந்தக் கணக்குப்படி எங்களைப் பற்றி மூச்சே விடாத நாடுகள் எல்லாம் எங்கட உயிர் நண்பர்கள். அப்பிடி எத்தினை நாடு இருக்கு, பாருங்கோ!

இன்னொரு வசதியும் இருக்கு. உரையில பாதி இங்கிலிசு, பாதி பிரெஞ்சு. இங்கிலிசுப் பாதி சனத்துக்கு அங்கங்க விளங்கும், அதால அண்ணைக்கு அதில கை கட்டினது மாதிரி. பிரெஞ்சு தொடங்கினால்தான் அவற்ற ராச்சியம். இருபது வருசம் மொன்றியலில இருந்தும் அண்ணையின்ர பிரெஞ்சு பொன்சூர் எண்ட வணக்கத்தில தொடங்கி மெர்சி எண்ட நன்றியில முடியும், நடுவில வெறும் வெளி. அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. "சொல்லைக் கேட்டால் சொல்லுக்குள்ள மாட்டுப்படுவாய். மூஞ்சையைப் பார். பிரதமற்ற மூஞ்சையைப் பார்!" அண்ணையின்ர வீட்டில பிரெஞ்சுப் பாதி ஓடேக்க ரீவியின்ர சத்தத்தைக் குறைச்சு விடுறதுதான் வழக்கம். சத்தம் யோசனையைக் குழப்புமாம்.

இவ்வளவும் சிரிச்சிட்டுப் போற விசயம். றோலைச் சாப்பிட்டு, வாயைத் துடைச்சு, வீட்டுக்குப் போயிடலாம். ஆனால் அந்த வருசம் சிவநேசம் இருந்தார்.

சிவநேசம் இஞ்ச வந்து ரண்டரை வருசம். ஒரு றெஸ்ரோறண்டில கோப்பை கழுவுறார். அகதி வழக்கை மறுத்துக் கடிதம் வந்திட்டுது. மேல் நீதிமன்றத்துக்குப் போக பதினைஞ்சு நாள் தருவாங்கள், பதினைஞ்சாம் நாள் திங்கட்கிழமை. லோயர் பேப்பரை எழுதிக் கையில குடுத்து, "சனிக்கிழமை அஞ்சு மணி மட்டும் ஒபீசில இருப்பன். வாசிச்சு, கையெழுத்து வைச்சுக் கொண்டு வாரும்" எண்டிட்டார். தவறினால் ஊருக்குத் திருப்பி ஏத்திற பிளேன்தான். இதில உள்ளர்த்தம் ஒரு சொட்டும் இல்லை.

விசயம் கேள்விப்பட்ட அண்ணை வியாழக்கிழமை பின்னேரம் சிவநேசத்துக்கு ரெலிபோன் எடுத்தார்.

"தம்பி, கையெழுத்து வைச்சிட்டீரோ?"

"இல்லை அண்ணை. சனிக்கிழமை வைச்சுக் குடுக்கப்போறன்."

"வைக்காதையும்."

"ஐயோ, ஏனண்ணை?"

"ரெலிபோனில சொல்ல ஏலாது." உள்ளர்த்தக்காரற்ற தேசிய கீதம் இதுதான். "சனிக்கிழமை மனுசியையும் கூட்டிக்கொண்டு வாரும். படத்தோட காட்டுறன்."

வந்திச்சினம். சிவநேசம் பேப்பர் உறையை நெஞ்சோட அணைச்சபடி செற்றியில இருந்தார். மனுசி பாலாம்பிகை கோட்டைக் கழட்டாமல், கதிரை விளிம்பில, சுவரில இருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தா. அவ ஒரு கார்தெறியில, சின்னப் பிள்ளையளைப் பார்க்கிற இடத்தில, சமையல் வேலை. நாள் முழுக்க நாற்பது பிள்ளையள் சுத்தி நிண்டு பிரெஞ்சில சத்தம் போடுங்கள். அண்ணை அவவைக் கணக்கில எடுக்கேல்லை. வணக்கம் சொன்னதோட சரி.

"மறுக்கப்பட்ட அகதியளுக்குப் பொதுமன்னிப்பு வருது" எண்டார் அண்ணை.

"உரையில சொன்னவையோ, அண்ணை?"

"வாயால சொல்லுவினமோ? காட்டினவை. பிரெஞ்சுப் பாதியில. ஆனால் ஒண்டு, நீதிமன்றத்துக்குப் போனவன் வழக்காளி. அரசாங்கத்தோட வழக்காடுறவனுக்கு அரசாங்கம் மன்னிப்புக் குடுக்குமோ? பேசாமல் இருந்தவனுக்குத்தான். நீர் கையெழுத்து வைச்சீரோ, லிஸ்ற்றில உம்மட பேருக்கு மேல ஒரு வெட்டு."

"ஓமோம்" எண்டார் பத்திநாதர்.

சிவநேசத்தின்ர முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேணும். ரண்டரை வருசமாத் தபால்காரனைக் கண்டு பயந்த மனுசன். அவரிட்ட ஒராள் வந்து, ஒண்டும் செய்யாதையும், செய்யாமல் இருந்தால் எல்லாம் சரிவரும் எண்டு சொன்னால்? தோள் இறங்கிச்சுது. நெஞ்சோட இருந்த உறை மடிக்கு வந்திச்சுது. அண்ணை அதைக் கண்டார், கண்டு மனம் குளிர்ந்தார். பொய் சொல்லுறம் எண்டு அவருக்கு ஒருநாளும் தோன்றினதில்லை. தன்ர வாயால ஒரு சீவனுக்கு நிம்மதி வருது எண்டுதான் தோன்றிச்சுது. இதுதான் இந்த வகையில உள்ள கோதாரி. கள்ளனெண்டால் பிடிச்சுக் குடுக்கலாம். நல்ல மனுசனை என்ன செய்யிறது?

படம் ஓடிச்சுது. டக்!

"பாரும். பிரதமர். தலையை ஆட்டுறார். ஒண்டு... ரண்டு! முழு உரையிலயும் ரண்டுதரம் ஆட்டினது இந்த இடத்தில மட்டும்தான்."

"அண்ணை, அதை ஒருக்காப் பின்னுக்கு விடுங்கோ." கேட்டது பாலாம்பிகை.

அண்ணைக்குப் பரம சந்தோசம். இத்தினை வருசத்தில ஒருத்தரும் பின்னுக்கு விடச் சொல்லிக் கேட்டதில்லை. "விடுறன் பிள்ளை, வடிவாப் பாரும்."

"பார்க்கிறதுக்கில்லை. சத்தத்தைக் கூட்டுங்கோ."

கூட்டினார். பாலாம்பிகை தலையைச் சரிச்சுக் கேட்டா, சோறு கொதிக்கிற சத்தத்தைக் கேட்கிற மாதிரி. அது முடிய, "வண்டு" எண்டா.

"என்ன வண்டு?"

"மேற்குப் பக்கத்துக் காட்டில பைன் மரத்தை ஒரு வண்டு அரிக்குதாம். மரமெல்லாம் பட்டுப்போகுதாம். மாகாணத்தோட சேர்ந்து அதை ஒழிப்பினமாம். அதுக்குத்தான் அவர் தலையாட்டினவர்."

"வேற?" எண்டு கேட்டார் சிவநேசம்.

"பிறகு மீன்."

"ஓமோம்" எண்ட பத்திநாதர், ஏன் சொன்னம் எண்டு தெரியாமல் ஒரு றோலை எடுத்தார்.

அண்ணை நிமிர்ந்து இருந்தார். "பிள்ளை, நீர் சொல்லுக்குச் சொல் சொல்லுறீர். நல்லது. ஆனால் யோசியும். நாட்டை ஆளுறவங்கள் ஏன் வண்டைப் பற்றிக் கதைக்கினம்? வண்டு எங்கயோ இருந்து வருது. மரத்துக்குள்ள ஒளிச்சு இருக்குது. அதிட்டப் பேப்பர் இல்லை. ஆர் அது? நாங்கள்!"

"அப்ப அண்ணை, எங்களை ஒழிப்பம் எண்டெல்லோ அந்த அம்மா சொல்லுறா? உங்கட கணக்கிலயும் மன்னிப்பு இல்லை."

அண்ணை அவசரத்தில றிமோட்டை அமத்தினார். படம் முன்னுக்குப் பறந்திச்சுது, உரை முடிஞ்சுது, திடீரெண்டு நாதசுரம். ஆரோ ஒரு மாப்பிள்ளை வேர்த்து விறுவிறுத்து மணவறையில இருக்கிறார். குசினிக்குள்ள இருந்து அஜந்தா கரண்டியோட ஓடி வந்தா.

"இது என்ர தம்பியின்ர கலியாணக் கசெற்! தாலிகட்டு எங்க? எங்கயப்பா தாலிகட்டு?"

"அதுக்கு மேலதான் கொஞ்சம்..."

"தாலிகட்டை அழிச்சுப்போட்டு வண்டு பார்க்கிறியளோ?"

மணி நாலு. பாலாம்பிகை எழும்பினா. "இஞ்சேருங்கோ. பஸ்சுக்கு நேரமாகுது. கையெழுத்தை வையுங்கோ."

சிவநேசம் எழும்பேல்லை. கிடைச்ச நிம்மதியைக் கையால விட ஆருக்குத்தான் மனம் வரும்? அண்ணையைப் பார்த்தார். அந்தப் பார்வையில குத்தல் இல்லை, நக்கல் இல்லை. உண்மையாவே அறியத்தான் கேட்டார்.

"குறை நினையாதேங்கோ அண்ணை. உங்களுக்கு இஞ்ச இருக்கப் பேப்பர் கிடைச்சது எந்த வருசத்து உரையில?"

அண்ணை றிமோட்டைப் பார்த்தார். சில கேள்வியளை நிப்பாட்ட அதில பட்டன் இல்லை.

"உரையோ? இவருக்கோ?" எண்டா அஜந்தா. "மறுத்துக் கடிதம் வந்த அண்டைக்கே, ரண்டு காலிலயும் ரண்டு விதமான சப்பாத்தோட லோயரிட்ட ஓடினவர். பதினைஞ்சு நாள் குடுத்தவங்கள், இவர் பதினைஞ்சு மணித்தியாலம் பொறுக்கேல்லை. பிறகு நாலு வருசம் வழக்கு. நான் கொழும்பில லொட்ஜில கிடந்து, கிழமைக்குக் கிழமை ரெலிபோன் பூத்தில நிண்டு அழுதது மறந்து போச்சோ உங்களுக்கு?"

மறக்கேல்லை. அதுதான் அண்ணையின்ர சங்கடம். அண்டைக்கு லோயர் விரலால தொட்டுக் காட்டின இடத்தில, ஏன், எதுக்கு எண்டு ஒரு கேள்வி கேட்காமல் வைச்ச கையெழுத்து இப்பவும் கண்ணுக்குள்ள நிண்டுது. வாழ்க்கையில ஒரே ஒருக்காத்தான் அவர் ஒரு கடிதத்தை அதில எழுதிக்கிடந்த மாதிரியே வாசிச்சவர். அந்த ஒருக்காலதான் இந்த வீடு, இந்த செற்றி, மேசை லாச்சிக்குள்ள கிடக்கிற கனடாப் பாஸ்போட்.

பாலாம்பிகை றோல்ஸ் தட்டைத் தள்ளி வைச்சு, உறையில இருந்த பேப்பரை மேசையில விரிச்சா. பேனை தேடிச்சினம். பத்திநாதரிட்ட இல்லை. அஜந்தாவிட்டக் கரண்டிதான் இருந்தது. பேனை அண்ணையின்ர சட்டைப் பையிலதான் குத்திக்கிடந்தது. அதை எடுக்க அவருக்கு ஏன் இவ்வளவு நேரம் எடுத்தது எண்டு தெரியேல்லை. எடுத்தார், மூடியைக் கழட்டினார், நீட்டினார்.

"வையும் தம்பி, வையும். நான் வைக்க வேண்டாம் எண்டோ சொன்னனான்?"

"வைக்காதையும் எண்டுதானே அண்ணை ரெலிபோனில சொன்னனீங்கள்?"

"ரெலிபோனில பிறகு எப்பிடிச் சொல்லுறது? ஒட்டுக்கேட்கிறவன் கேட்பான். கெதியா வையும் எண்டதுதான் அதின்ர உள்ளர்த்தம். உமக்கு விளங்கேல்லை எண்டால் நான் என்ன செய்ய?"

சிவநேசம் ரண்டு இடத்தில வைச்சார். மனுசி அவற்ற கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு படியால இறங்கினா. அஞ்சு மணிக்கு எட்டு நிமிசம் இருக்கேக்க பேப்பர் லோயரின்ர கையில. திங்கட்கிழமை அது நீதிமன்றத்தில. அதுக்குப் பிறகு நடந்தது வழக்கு. வழக்கு எப்பிடி முடியும் எண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலாது. ஆனால் அது முடியும் மட்டும் சிவநேசம் மொன்றியலில கோப்பை கழுவிக்கொண்டு இருப்பார்.

யோகேந்திரன் அண்ணை திருந்தினாரோ எண்டு கேட்கிறியள். அடுத்த சனிக்கிழமை பத்திநாதரிட்டச் சொன்னாராம், "அந்தப் பிள்ளையை அண்டைக்கு ஆரோ சொல்லி அனுப்பியிருக்கினம்."

சரி. சிரிச்சு முடிச்சிட்டியளோ? அப்ப ஒரு கேள்வி. இதை வாசிச்சுக்கொண்டு வரேக்க, இடையில எங்கயாவது, "கார்ட்டியர்வில் எண்டு போட்டிருக்கு, உண்மையில பக்கத்து லவாலோ? யோகேந்திரன் எண்டது இன்னாரோ? ஏன் இந்த நேரம் பார்த்து இதை எழுதுறாங்கள்? பின்னுக்கு ஆர் நிக்கிறாங்கள்?" எண்டு மனதுக்குள்ள ஒரு சின்ன யோசனை ஓடிச்சுதோ? ஓடினதெண்டால் பக்கத்தில இருக்கிறவரைத் திரும்பிப் பார்க்காதேங்கோ. உங்களைத்தான். வேற உள்ளர்த்தம் ஒண்டும் இல்லை.