சூடாகாத வண்டி

மனோகரனின் வேன் ஒரு வாரமாகச் சூடாகவில்லை. அதுதான் இப்போது பிரச்சினை.

"இன்னா நைனா சொல்ற? சூடாவலன்னா சந்தோசப்படுவியா, அத்த வுட்டுட்டு..." என்றான் மெக்கானிக் சுஹைப். "வருசக்கணக்கா கொதிக்குது கொதிக்குதுன்னு என்ன பேஜாரு பண்ண. எஞ்சினோட சுத்துற பழைய ஃபேன கயட்டிட்டு கரண்ட் ஃபேன் போட்டுக் குடுத்தேன். லாரி வரிசைல அசையாம நின்னாலும் சூடு ஏறுனா இது தானா சுத்தும். இன்னும் இன்னா வோணும்?"

"பழைய ஃபேன மாட்டிக் குடு."

சுஹைப் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு மனோகரனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "அது அன்னிக்கே எடைக்குப் போயிடுச்சு. போய் மோரு குடி."

மனோகரனால் காரணத்தைச் சொல்ல முடியவில்லை. ஐம்பதைத் தொட்ட ஆண்பிள்ளை அதை எப்படிச் சொல்வான்?

காசிமேட்டில் ஐஸ் கட்டிகளை ஏற்றி, எண்ணூர் படகுக்காரர்களிடம் இறக்குவது அவன் பிழைப்பு. வழியெல்லாம் துறைமுகத்துக் கண்டெய்னர் லாரிகள் நிற்கும். அவற்றின் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து எர்ணாவூர் வருவதற்குள் வேன் கொதித்துவிடும். கொதிக்கும் இடத்தில் ஃப்ளோரன்ஸின் தையல் கடை இருந்தது. முதல் தடவை அது தற்செயல். அப்புறம் கொஞ்சம் முன்னாலேயே கொதித்தாலும் அங்கே வந்துதான் நிறுத்துவான்.

"வண்டி நெறைய ஐஸ வெச்சிகினு என்கிட்ட தண்ணிக்கு நிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?" என்பாள் ஃப்ளோரன்ஸ்.

"அது படகுக்காரங்க ஐஸு" என்பான் மனோகரன்.

எஞ்சின் ஆறும்வரை கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். அவள் மெஷினை மிதித்துக்கொண்டே பேசுவாள். அவள் கணவன் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. இவன் மனைவியும் அப்படித்தான். அந்தத் தெருவில் வடை சுடுகிறவள்முதல் பஞ்சர் ஒட்டுகிறவன்வரை எல்லோருக்கும் மனோகரன் 'அண்ணே'. ஃப்ளோரன்ஸ் மட்டும் ஒருநாளும் அவனை அண்ணே என்று கூப்பிட்டதில்லை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவளிடம் கேட்டுவிடுவதென்று முடிவு செய்தான்.

ஆனால் நித்தம் புகை கக்குகிற வண்டியை ஓட்டுகிறவனை நம்பி எவள் வருவாள்? முதலில் வண்டியைச் சரிசெய்து கௌரவமாக நிற்போம், அப்புறம் கேட்போம் என்று நினைத்தான். அப்படி நினைத்த மண்டையில் இன்றைக்கும் அவன் அவ்வப்போது அடித்துக்கொள்கிறான்.

போதாக்குறைக்கு அவளிடம் போய்ப் பெருமையாகச் சொல்லவும் செய்தான். "நாளைக்கி கரண்ட் ஃபேன் போடுறேன். இனிமே கொதிக்கவே கொதிக்காது. உனக்கு என்னால தொந்தரவே கெடையாது."

ஃப்ளோரன்ஸ் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "அப்டியா? பாக்கலாம்" என்றாள்.

சுஹைப்பின் வேலைமீது அவளுக்கு நம்பிக்கை இல்லை போலிருக்கிறது என்று மனோகரன் எடுத்துக்கொண்டான்.

மறுநாள் எர்ணாவூரில் லாரிகளுக்கு நடுவே வேன் நின்றது. ஃபேன் 'விர்ர்' என்று சுற்றியது. சூடு காட்டும் முள் அசையவில்லை. ஃப்ளோரன்ஸ் வாசலில் உட்கார்ந்து சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். மனோகரனுக்கு இறங்கிப் போய்ப் பேச வேண்டும்போல் இருந்தது. ஆனால் என்னவென்று சொல்லி இறங்குவது? வண்டி நன்றாக ஓடும்போது ஒரு பொம்பளை வாசலில் நிறுத்தினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? அவளே என்ன நினைப்பாள்? ஹாரன் அடித்து, கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து தினமும் ஹாரன்தான்; அவளும் பதிலுக்குக் கையை ஆட்டுவாள்.

பழைய ஃபேனும் கிடைக்காதென்று ஆனபின், மனோகரன் சொந்த மூளையைப் பயன்படுத்தத் தொடங்கினான். ஐஸ்மேல் போர்த்தியிருந்த கோணியை உருவி ரேடியேட்டருக்கு முன்னால் கட்டினான். காற்றை அடைத்தால் கொதித்துத்தானே ஆக வேண்டும்? கோணியோ ஐஸ் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. வெட்டிவேர்த் தட்டி கட்டியதுபோல எஞ்சின் குளுகுளுவென்று ஓடியது. கோணி போனதால் ஐஸ்தான் பாதி கரைந்தது. "இன்னா அண்ணே, ஐஸு கொண்டாந்தியா, சர்பத் கொண்டாந்தியா?" என்று படகுக்காரர்கள் மானத்தை வாங்கினார்கள்.

அடுத்த நாள் ஃபேனின் ஃபியூஸையே பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அன்றைக்குப் பார்த்து லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம். சாலை துடைத்து விட்டதுபோல் கிடந்தது. கடல் காற்று வாங்கிக்கொண்டு வேன் எர்ணாவூரைப் பறந்து கடந்தது. ஃப்ளோரன்ஸ் வாசலில் எழுந்தே நின்றிருந்தாள். மடியில் துணிகூட இல்லை. மனோகரன் ஹாரன் அடித்தான். இந்தத் தடவை அவள் கையை ஆட்டவில்லை.

மறுநாள் வேலைநிறுத்தம் முடிந்து, இரண்டு நாள் லாரியும் சேர்ந்து வந்தது. திருவொற்றியூர் தாண்டவில்லை, முள் சிவப்புக்குப் போய்விட்டது. நிறுத்தியிருக்க வேண்டும். 'இன்னும் கொஞ்ச தூரம்தாண்டா, தம் கட்டிக்கோ' என்று வண்டியைக் கெஞ்சிக்கொண்டே ஓட்டினான். எஞ்சின் 'டமால்' என்றது.

"யோவ், ஐஸு வண்டிலேந்து ஆவி வருதுய்யா!" என்று பக்கத்து லாரியிலிருந்து ஒருவன் கத்தினான்.

சுஹைப் ஜீப்பும் கயிறுமாக வந்து சேர்ந்தான். பானெட்டைத் திறந்து பார்த்தான்.

"ஃபியூஸ எவன் புடுங்கனான்?"

மனோகரன் சட்டைப்பையைத் தடவினான்.

"அய்யோ, நீயா? எஞ்சினே செத்துப்போச்சு நைனா! இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. சரி ஏறு, கடைக்கு இஸ்துகினு போலாம்."

"முதல்ல எர்ணாவூருக்கு இழு."

"அங்க இன்னாத்துக்கு?"

"ரேடியேட்டருக்குத் தண்ணி வாங்கணும்."

சுஹைப் தலையில் அடித்துக்கொண்டான். ஆனாலும் இழுத்தான். பிழைப்பைக் கொடுத்த வண்டி பிணமாகப் பின்னால் வருகிறது. மனோகரனுக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். இன்றைக்கு ஊரறிய ஒரு காரணம் இருக்கிறது. தண்ணீர் கேட்ட கையோடு மற்றதையும் கேட்டுவிட வேண்டும். தலையை வாரிக்கொண்டு, காலி கேனோடு இறங்கினான்.

தையல் கடை ஷட்டர் இறங்கியிருந்தது.

பக்கத்தில் வடை சுட்டுக்கொண்டிருந்த ஞானபாக்கியம் ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஃப்ளோரன்ஸ் எங்கக்கா?"

"காலைலதான் மெஷின ஏத்திகினு போச்சு. புழல்ல அண்ணன் வூட்டுக்கு. அவரு ரொம்ப நாளா இதோட கல்யாணத்துக்கு ஒரு எடம் பாத்து வெச்சிகினு கூப்டுகினு இருந்தாரு. இதுதான் புடி குடுக்காம இருந்துச்சு. நேத்து ராத்திரி சரின்னு சொல்லிடுச்சாம்."

நேற்றுதான் மனோகரன் இந்த வழியே காற்றாய்ப் பறந்து போனான். கையிலிருந்த கேனைத் தூக்கிக் காட்டினான்.

"வண்டி கொதிச்சிடுச்சு... அதான், தண்ணி..."

ஞானபாக்கியம் கேனைப் பார்த்தாள். கயிற்றில் கட்டிக் கிடந்த வேனைப் பார்த்தாள். கரண்டியை வைத்துவிட்டு, அந்தக் கேனை வாங்கிக்கொண்டே சொன்னாள்:

"'அவரு வண்டிய சரி பண்ணிட்டாருக்கா, இனிமே இங்க வந்து நின்னா அது தண்ணிக்கோசரம் இல்ல, எனக்கோசரம்தான்'னு சொல்லிகினு, வாரம் பூரா வாசல்லியே குந்திகினு இருந்துச்சு அண்ணே."