வேண்டவே வேண்டாம் அந்தக் கார்

மனைவியை ஜெயிக்க ஒரே வழி அவளிடம் தோற்பதுதான் என்ற பேருண்மை, அச்சகத்துப் பிழைதிருத்துநருக்குப் பேருந்தில் ஒற்றைக் காலில் தொங்கியபோது உதித்தது. ஊரார் எழுத்தில் பிழை கண்டுபிடிப்பது அவர் வேலை. அவரிடம் பிழை கண்டுபிடிப்பது மனைவியின் வேலை. இருபது வருஷத்தில் அவர் "வேண்டும்" என்ற எதுவும் வீட்டுப் படியேறியதில்லை. "வேண்டாம்" என்றதெல்லாம் கூடம் முழுக்க நிறைந்திருந்தது. அப்படியானால், வேண்டியதை வேண்டாம் என்றால்?

வேண்டியது ஒரு கார். பட்டறை வாசலில் விற்பனைக்கு நின்றது. எங்கோ மோதி இடது பக்கம் உள்ளே போயிருந்தது. பம்பரைக் கட்டுக்கம்பி போட்டு நிறுத்தியிருந்தார்கள். ஆனால் ஸ்டியரிங் முழுசாக இருந்தது. அவருக்கு அது போதும். வீட்டில் டிவி ரிமோட்கூடக் கைக்கு வராத மனுஷன். யாருக்கும் தெரியாமல் மூன்று மாதம் ஓட்டப் பழகியிருந்தார்.

ஞாயிறு காலை மனைவியைக் கூட்டிப்போனார். "சும்மா பார்த்துட்டு வரலாம்."

பார்த்ததுமே ஆரம்பித்தார். "ஐயய்யே, இதுவா? பல்லு போன கிழவன் மாதிரி கன்னம் ஒட்டிக் கிடக்கு!"

"தகரம் சார். தட்டினா வந்துடும்" என்றார் பட்டறைக்காரர்.

"டயர் மொட்டை."

"மாத்தித் தரேன் சார். என்ஜின் சிங்கம்!"

"அதான் கீழே ஆயிலா நனைச்சு வெச்சிருக்கா?"

குறை ஏற ஏற விலை இறங்கியது. பதிமூன்றாவது குறையில் பாதிக்கு வந்து நின்றது. பட்டறைக்காரர் அழாத குறை.

"முடிவா என்ன சார் சொல்றீங்க?"

"உயிர்மேல ஆசை இருக்கறவன் இதுல ஏறுவானா? வேண்டவே வேண்டாம்!"

முழங்கிவிட்டு ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். இதோ, சீறப்போகிறாள்.

"நீங்க சொன்னா சரிதாங்க."

"என்னது?"

"நமக்கு வேண்டாம்."

இருபது வருஷத்தில் முதல் சம்மதம். அவர் அவசரமாகக் குரலைத் தாழ்த்தினார்.

"அவசரப்படாதே. தட்டினா வந்துடும்னு அவரே சொல்றாரே."

"போன உயிரைத் தட்டினா வருமா?"

"சீட்டெல்லாம் பரவாயில்ல..."

"எனக்காக மனசை மாத்திக்காதீங்க. ஆம்பளைன்னா சொன்ன சொல்லுல நிக்கணும்."

நின்றார். அவள் போனை எடுத்தாள்.

"டேய் தம்பி, உடனே வா. நாலு நாளா நீ கெஞ்சியும் இறங்காத விலை, அத்தான் அரை மணி நேரத்துல பாதியாக்கிட்டார். நான்தான் சொன்னேனே? ஒரு மாசமா தூக்கத்துல என் முழங்கையைப் பிடிச்சுக் கியர் போடறார்டா. இவ்வளவு ஆசை வெச்சிருக்கற மனுஷன், என் எதிர்ல அதைத் திட்டாம வேற என்ன செய்வார்?"

பிழைதிருத்துநர் அவள் சொன்னதை மனசுக்குள் ஒருமுறை படித்துப் பார்த்தார். திருத்த ஒன்றும் இல்லை.

தம்பி பத்தாவது நிமிஷம் வந்து, பணத்தைக் கொடுத்து, ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தான். பக்கத்தில் அக்கா. சாவியைத் திருப்பினான். 'டிக்' என்றது. மறுபடியும் 'டிக்'. பதிமூன்று குறை சொன்னவர் பேட்டரியைக் கோட்டைவிட்டிருந்தார்.

கண்ணாடியை இறக்கித் தம்பி தலையை நீட்டினான்.

"அத்தான், பின்னாடி நின்னு கொஞ்சம் தள்ளி விடுங்களேன்."