ஆற்றைத் தாண்டாத அட்டை

தன் கண்ணில் கத்தி வைக்க எவனையும் விடுவதில்லை என்று ஹார்லன் முடிவெடுத்து ஓராண்டு ஆகியிருந்தது. ஐம்பத்தொன்பது வயதில் அவர் உறுதியாக நின்ற விஷயம் அது ஒன்றுதான்.

இரண்டு கண்ணிலும் புரை. உலகம் அவருக்குப் பால் ஊற்றிய கண்ணாடி வழியாகத் தெரிந்தது. தபால் பெட்டிக்கு வணக்கம் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பூனை என்று நினைத்து இரண்டு வாரம் ரக்கூன் என்ற காட்டு விலங்குக்குச் சாப்பாடு போட்டிருக்கிறார். அது குடும்பத்தோடு வந்து பின்வாசலில் தங்கிவிட்டது.

"பூனைக்கு அவ்வளவு பெரிய வாலா?" என்று மனைவி மேவிஸ் கேட்டாள்.

"நல்ல ஜாதிப் பூனை போலிருக்குன்னு நினைச்சேன்."

"நீ ஓட்டற வண்டில இனிமே நான் ஏற மாட்டேன், ஹார்லன். ஏறினா நான் மட்டும் சாக மாட்டேன், ரோட்ல போறவனும் சேர்ந்து சாவான்."

செலவு ஒரு சாக்கே இல்லை. மர ஆலை மூடியதிலிருந்து ஹார்லன் புல் வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறார். மேவிஸ் பள்ளிச் சமையலறையில் அரை நாள் வேலை. வருமானம் குறைவு என்பதால் வைத்தியச் செலவை அரசே ஏற்கும் மெடிகெய்ட் அட்டை இருவரிடமும் இருந்தது. ஆனால் ஆள் விழித்திருக்கும்போதே கண்ணை வெட்டுவார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முதல் தடவை தேதி குறித்தபோது பல்வலி என்றார். இரண்டாம் தடவை மீன் பிடிக்கப் போய் மாலைவரை திரும்பவில்லை. மூன்றாவதாக ஜூன் பத்து என்று தேதி குறித்து, மேவிஸ் அதைக் குளிர்பெட்டிக் கதவில் தொங்கும் காலண்டரில் எழுதினாள். அவள் எதையும் அதில் எழுதுவாள். தேவாலயச் சமையல் முறை, பால் கணக்கு என்று ஏதோ இருக்கும் என்பது ஹார்லனின் எண்ணம். அவருக்கு அது நீலக் கொசு மொய்த்த தாள்.

மார்ச்சில்தான் வழி பிறந்தது. தூண்டில் கடைக்காரர் டுவைட் மஞ்சளாக எதையோ ருசித்துத் தின்றபடி பேச்சோடு பேச்சாகச் சொன்னார்:

"மெடிகெய்ட் ஆத்தைத் தாண்டாது, தெரியுமாப்பா? மாநிலத்துக்கு மாநிலம் தனி. நீ கென்டக்கிக்குக் குடிபோனா ஒஹாயோ அட்டை செல்லாது. அங்க போய் முதல்லேருந்து விண்ணப்பிக்கணும்."

"விண்ணப்பிக்கலைன்னா?"

"ஒண்ணும் கிடையாது. ஆபரேஷனாவது, மண்ணாவது."

ஹார்லன் புழு வாங்க வந்ததை மறந்து வீட்டுக்கு நடந்தார். ஆற்றின் அக்கரை கென்டக்கி. பாலம் ஏறினால் எட்டு நிமிடம். அங்கே மேவிஸின் அக்கா ஜெனீவாவின் கொல்லைப்புற வீடு காலியாகக் கிடந்தது. அங்கே போய்விடலாம் என்று மேவிஸ் மூன்று வருடமாகக் கெஞ்சி, ஹார்லன் மூன்று வருடமாக மறுத்திருந்தார். காரணம் ஜெனீவாவின் வாய். அது காலை காபியோடு திறந்தால் சாயங்காலச் செய்தியோடுதான் மூடும். ஆனால் வாயா கத்தியா என்று வந்தால் வாய்தான்.

"உங்க அக்கா பாவம், தனியா இருக்கா," என்றார். "நாம அங்க போயிடலாமா?"

மேவிஸ் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள், புது வீட்டுச் சமையலறைக்கு ஹார்லனே வண்ணம் அடிப்பதாக இருந்தால் சரி என்றாள். அவர் அடித்தார். சுவருக்கு அடித்ததில் பாதி ஜன்னலுக்கும் போயிற்று.

மே மாதக் கடைசியில் சாமான்கள் பாலம் ஏறின. முதலில் ஏறியது காலண்டர். இறங்கியதும் ஹார்லன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒஹாயோ அலுவலகத்துக்குப் போன் செய்தார். அரசை ஏமாற்றக் கூடாது, குடிபெயர்ந்ததை முறைப்படி சொல்லிவிட வேண்டும் என்று நாலு பேர் கேட்க விளக்கினார். ஒரு மணி பத்து நிமிடம் காதில் பாட்டு ஓடியது. அந்தப் பாட்டு அவருக்கு அவ்வளவு இனித்தது. பாதியில் மேவிஸ் ஒரு சாண்ட்விச் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். கடைசியில் ஒரு பெண் குரல், மாதக் கடைசியோடு இருவர் அட்டையும் முடிகிறது என்றது. ஹார்லன் அவளுக்கு மூன்று தடவை நன்றி சொன்னார்.

"ஜூன் பத்துக்கு ஆஸ்பத்திரி கிடையாது, மேவிஸ். என்ன செய்யறது, சட்டம்."

"ஐயோ பாவம்," என்றாள் மேவிஸ், உருளைக்கிழங்கு உரித்தபடி.

இரண்டு நாள் கழித்து அவள் ஒரு கட்டுத் தாளை நீட்டினாள். "கையெழுத்துப் போடணும். படிக்க முடியலைன்னா நான் படிச்சுச் சொல்றேன், கண்ணு."

படிக்க முடியாதாமே. கண்ணில் ஒன்றுமில்லை என்று ஓராண்டாகச் சாதித்துவரும் மனிதர் அவர். ஹார்லன் தாள்களை வாங்கி, புருவத்தைச் சுருக்கி, தலையாட்டித் தலையாட்டிப் படித்தார். கடைசித் தாளின் மறுபக்கத்தை இன்னும் கவனமாகப் படித்தார். அது வெறும் தாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்று மேவிஸின் விரல் காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டார்.

ஜூன் அவர் வாழ்வின் பொற்காலம். ரக்கூன்களுக்குச் சொல்லாமல் வந்துவிட்டதுதான் ஒரே குறை. ஜெனீவாவின் பேச்சுகூடத் தூரத்து அருவிபோல் இதமாக இருந்தது. மாதக் கடைசியில் ஒரு கடித உறை வந்தது. மேவிஸ் பிரித்து உரக்கப் படித்தாள். கென்டக்கி மெடிகெய்ட், ஜூன் ஒன்று முதல், இருவருக்கும். ஒஹாயோ அட்டை முறைப்படி முடிக்கப்பட்டிருந்ததால் தடங்கல் ஏதும் இல்லை.

ஹார்லனுக்கு அருவி நின்றுவிட்டது. "யார் விண்ணப்பிச்சது?"

"நீதான். கண்ணை ஆபரேஷன் பண்ணலாம்னும் கையெழுத்துப் போட்டிருக்கியே. படிச்சுத்தானே போட்டே?"

இதற்கு இரண்டே பதில்கள். படித்தேன் என்றால் ஆபரேஷன். படிக்க முடியவில்லை என்றாலும் ஆபரேஷன்.

ஜூலை பதினாலில் வலது கண் முடிந்தது. இருபது நிமிடம், வலியே இல்லை. அது அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது. மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் மரங்களுக்குத் தனித்தனி இலைகள் இருப்பதை ஒவ்வொன்றாக மேவிஸிடம் சொல்லிக்கொண்டே வந்தார். ஜெனீவாவுக்குக் கன்னத்தில் குழி விழும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. தண்ணீர் எடுக்கக் குளிர்பெட்டியருகே போனவர் அங்கேயே நின்றார். நீலக் கொசுக்கள் எழுத்துகளாக மாறியிருந்தன.

மார்ச் 4: டுவைட்டுக்கு எலுமிச்சை கேக். என்ன சொல்லணும்னு சொல்லிக் கொடு.

மார்ச் 5: குடிபோகலாம்னு ஹார்லன் கெஞ்சுவான். இரண்டு நாள் யோசி. வண்ணம் கேள்.

மே 29: ஒஹாயோவுக்கு ஹார்லன் போன். ஒரு மணி நேரம் ஆகும், சாண்ட்விச்.

மே 31: தாள்கள். படிச்சுக் காட்டறேன்னு சொல்லு, விட மாட்டான்.

ஜூலை 14: வலது கண்.

புதுக் கண் கடைசி வரிக்கு இறங்கியது. அதில் ஒரு எழுத்துகூட மங்கலாக இல்லை.

ஆகஸ்ட் 11: இடது கண். மீன் பிடிக்கக் கிளம்புவான், தூண்டிலை ஜெனீவாகிட்ட கொடுத்து வை.