தொண்டை பாயின் குரல்

அறுபதுகளில் போர்ட் பிளேரில் குடியிருந்த எவரும் தொண்டை பாயிடம் வாயைத் திறந்து காட்டாமல் தப்பித்ததாக எனக்குத் தெரியவில்லை. அபர்தீன் பஜாரில் குடைக்கடை வைத்திருந்தார். ஆனால் மனிதரின் உயிரெல்லாம் அரபு ஒலியியலில். எந்த அரபு எழுத்து தொண்டையில் பிறக்கிறது, எது நாக்கில், மற்ற மொழிக்காரர்கள் எதை எங்கே கோட்டை விடுகிறார்கள் என்று ஒரு பெரிய புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். வங்காளி, தெலுங்கர், மலையாளி என்று எல்லாத் தொண்டையும் ஒரே தெருவில் கிடைப்பதால்தான் மேலப்பாளையத்திலிருந்து கப்பல் ஏறினேன் என்று சத்தியம் செய்வார். கடை மாமனாருடையது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

குடை கேட்டு வந்தவர் முதலில் 'ஐன்' சொல்லியாக வேண்டும். அடித்தொண்டையில் பிறக்கும் எழுத்து அது. "முஹ் கோலோ, தாதா!" என்று வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே டார்ச் அடிப்பார். திக்லிபூர்க்காரர் ஒருவர் பாயை டாக்டர் என்றே நினைத்து, "டாக்டர் சாப், டான்சில்" என்று அழுதே விட்டார். பாய் அசரவில்லை. ஐன் சொல்ல வைத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வழி சொன்னார்.

துறைமுக ஆபீஸ் குமாஸ்தாவான நான் அன்றாடம் மாட்டுவேன்.

"வே, உமக்கு இருக்கது தொண்டையா, தூர்ந்த கிணறா? ஒண்ணும் மேல வரமாட்டேங்கே!"

பிறகு அவரே சொல்லிக் காட்டுவார். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள்.

அந்தக் குரல் ஒரு மழைக்காலத்தில் கரகரத்தது. சளி என்றார். நாங்களும் மிளகு, பனங்கற்கண்டு என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னோம். டாக்டர் புற்று என்றார். மெட்ராஸ் போய்க் குரல்வளையை எடுத்துவிட்டால் உயிர் பிழைக்கலாம். பேச்சு போய்விடும்.

பாய் முடியவே முடியாது என்றார். "ஒவ்வொரு எழுத்தையும் சொல்லிப் பாத்துல்லா வே எழுதுதேன். குரலைக் குடுத்துட்டு எதை வச்சு எழுத?" என்று என்னோடு சண்டைக்கே வந்தார்.

வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்த அவர் மனைவி அப்போதுதான் கர்ப்பமாகியிருந்தார். கடைக்குள்ளிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பிள்ள முகத்தப் பாக்காண்டாமா உங்களுக்கு?"

பாய் அடுத்த கப்பலுக்கு டிக்கெட் எடுத்தார்.

கப்பல் துறையில் வாய் ஓயாமல் பேசினார். மீன் விலை, மழை, மெயின்லாண்டு வெயில், என் தொண்டை. இருக்கிற பேச்சையெல்லாம் தீர்த்துவிட வேண்டும் என்கிற அவசரம். கப்பல் ஊதிய பிறகும் மேல்தளத்தில் நின்று பேசிக்கொண்டே இருந்தார். எதுவும் காதில் விழவில்லை. நான் தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன்.

குரலில்லாமல் திரும்பி வந்தார். பெண் குழந்தை பிறந்தது. புத்தகத்தை அவர் பிறகு தொடவில்லை. மகள் மழலை பேச ஆரம்பித்ததும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுக் குடை வாங்காமலே போவார்கள்.

அந்தப் பெண் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளிலேயே பாய் காலமாகிவிட்டார். துக்கம் கேட்கப் போனபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, வாப்பா பேசினா எப்படி இருக்கும்? நீங்க கேட்டிருக்கீங்கல்ல?"

"கணீர்னு இருக்கும்மா..." என்று ஆரம்பித்தேன். அவர் குரல் என் காதில் அப்படியேதான் இருக்கிறது. அதை அவளுக்கு எடுத்துக் கொடுக்க வழி தெரியாமல் அந்தக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.