போரிவோயேயின் கோப்பை நின்ற இடம்

கார் பானெட் திறக்கும் சத்தம் கேட்ட மாத்திரத்தில் எங்கிருந்தோ முளைத்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்த்து, "ம்ஹும்" என்று தலையை ஆட்டுகிற ஓர் இனம் இருக்கிறது. இந்த இனத்துக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. ஆனால் ஸ்பேனர் பிடிக்கிறவன் தப்பாகப் பிடிக்கிறான் என்பது மட்டும் பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிடும். பார்த்திருப்பீர்களே?

செர்பியாவில், எங்கள் நீஷ் நகரில், அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பின்னால் தகரக் கதவு போட்டு வரிசையாக நிற்கும் கராஜ்களில், இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி போரிவோயே. வேலை தபால் ஆபீஸில். விசுவாசம் மற்றவர்களுடைய கார்களின் மேல். அவருக்கென்று ஒரு கார் இருக்கிறதா? இருக்கிறது. ஓடுமா? அதையெல்லாம் கேட்கக்கூடாது.

அந்த வெள்ளிக்கிழமை காலை, ஸ்தானோயேயின் கராஜ் வாசலில் போரிவோயே ஆஜரானபோது, காரிலிருந்து கழற்றிய ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் ஒரு பழைய டயரின் மேல் வாயைப் பிளந்துகொண்டு வானத்தைப் பார்த்து நின்றது. அந்த வாய்க்குள்ளே, வட்டத் தட்டு மாதிரி, பம்ப். அதற்கடியில் இருக்கும் வளையம் தேய்ந்து ஆயில் ஒழுகுகிறது. வண்டி முன்னால் நகர மாட்டேன் என்கிறது. புது வளையம் அலமாரியில் தயார். பம்ப் வெளியே வந்தால் போதும்.

வந்தே ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு ஸ்தானோயேதான் கும், அதாவது மாப்பிள்ளைக்குச் சாட்சியாக நிற்கிறவர். மாப்பிள்ளை வீட்டுக்குக் கடவுளுக்கு அடுத்தபடி கும்தான். மணப்பெண்ணைத் தேவாலயத்துக்குத் தன் காரில் ஏற்றிப் போகிறேன் என்று ஸ்தானோயே வாக்குக் கொடுத்திருந்தார். கும் பஸ்ஸில் வந்து இறங்கினால் அந்தக் கதை பேரப்பிள்ளைகள் காலம் வரை ஓடும்.

"ஆட்டோமேடிக் வாங்காதேன்னு நான் அன்னைக்கே சொன்னேன்," என்று ஆரம்பித்தார் போரிவோயே. இந்த இனம் வணக்கம் சொல்வது இப்படித்தான்.

"நீ அன்னைக்கு என்கூட இல்லவே இல்லையே?"

"இருந்திருந்தா சொல்லியிருப்பேன்ல?"

ஸ்தானோயேயின் மனைவி ஸ்லாவ்கா பிளம் சாராயமும் காபியும் கொண்டுவந்தாள். கராஜ் வாசலில் யார் நின்றாலும் கையில் ஒரு கோப்பை கொடுத்தாக வேண்டும்; விருந்தாளி ஒரு இடத்தில் வைத்த கோப்பையை வேறு யாரும் நகர்த்தக்கூடாது, நிரப்பத்தான் செய்யலாம். நகர்த்தினால் 'கிளம்பு' என்று சொன்ன மாதிரி. போரிவோயே சுற்றுமுற்றும் பார்த்தார். மேஜை இல்லை. பம்ப் இருந்தது, தட்டையாக, வாகாக. அதன் ஓரமாகக் கோப்பையை வைத்தார்.

போகிற வருகிற பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, ஆளுக்கு ஒரு போல்ட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். அது எங்கள் ஊர் மரியாதை. ரொட்டிக் கடை ராட்கோ மட்டும் போகாமல் நின்றான். கடைசியில், கண்ணுக்குத் தெரிந்த வரைக்கும் போல்ட் எதுவும் பாக்கி இல்லை. பம்ப்பை இழுப்பதற்கென்றே இருக்கிற இரண்டு ஓட்டைகளில் இரண்டு நீளக் கம்பிகளைத் திருகி இறக்கி, ஸ்தானோயே ஒரு பக்கமும் ராட்கோ ஒரு பக்கமும் பிடித்தார்கள்.

"நில்லுங்க, நில்லுங்க." போரிவோயே கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டார். எடுத்த இடத்தில் இன்னொரு உள்ளங்கையை அழுத்தி வைத்தார், டாக்டர் நாடி பார்க்கிற மாதிரி. "இப்ப இழுங்க. அதிர்வை வெச்சே சொல்லிடுவேன்."

இழுத்தார்கள். பம்ப் அசையவில்லை. போரிவோயே கண்ணை மூடினார். உள்ளங்கையில் ஏதோ கட்டி மாதிரி முட்டியது.

"இங்கதான்யா! இங்கதான் பிடிச்சிருக்கு!"

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அடையாளம் தப்பிவிடக் கூடாதே என்று அதே இடத்தில் கோப்பையைத் திரும்ப வைத்தார்.

பிறகு காரணங்கள் கிளம்பின. உள்ளே துரு என்றார். ஜெர்மானியர்கள் வேண்டுமென்றே இப்படிச் செய்கிறார்கள் என்றார். சூடு காட்டச் சொன்னார். காட்டினார்கள், கோப்பை நின்ற பக்கத்தை மட்டும் மரியாதையாக விட்டுவிட்டு. ஸ்லாவ்கா கோப்பையை நிரப்பியபடி கேட்டாள்: "அண்ணே, கல்யாணத்துக்குப் பொண்ணை உங்க தோள்ல தூக்கிட்டுப் போவீங்களா?"

"அம்மா, இது பொறுமை வேலை."

ஸ்தானோயேவுக்குப் பொறுமை போய்விட்டது. மூலையில் கிடந்த பெரிய சுத்தியலை எடுத்தார். "பம்ப்பை நாலு தட்டுத் தட்டி ஆட்டித் தூக்கப்போறேன். வந்தா வருது."

"விரிசல் விட்டுச்சுன்னா? ஞாயித்துக்கிழமைக்குள்ள வேற பம்ப் எங்கே போய்த் தேடுவே?" என்றான் ராட்கோ.

"விடட்டும்!"

போரிவோயே அவசரமாகக் கோப்பையை எடுத்தார், சாராயத்தைக் காப்பாற்றுவதற்காக. இந்தத் தடவை உள்ளங்கையை வைக்க மறந்துவிட்டார். கீழே பார்த்தார்.

ஒரு போல்ட். அசையாமல், யாரும் தொடாமல், பட்டன் மாதிரி அவரையே பார்த்துக்கொண்டு.

சொன்னால் இந்தக் கராஜ் வரிசையில் இனி அவர் வாயைத் திறக்க முடியுமா? சொல்லாமல் கோப்பையை மறுபடி அங்கேயே வைத்துவிடலாம். பம்ப் உடைந்தால் உடைந்துவிட்டுப் போகிறது, ஜெர்மானியர்கள் மேல் போட்டுக்கொள்ளலாம். கை கோப்பையோடு பாதி தூரம் இறங்கியும் விட்டது. அப்போது ஸ்தானோயே சுத்தியலை ஓங்கினார். கராஜ் ஆணியில், இஸ்திரி போட்டு உறை போட்டு, ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கான அவருடைய கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"நிறுத்துய்யா! ஸ்பேனரைக் கொடு!"

போரிவோயே ஸ்பேனர் கேட்டு யாரும் பார்த்ததில்லை. அவர் குனிந்தார். அந்தப் போல்ட்டைக் கழற்றினார். கையெல்லாம் ஆயில். கிண்ணத்தில் 'டங்' என்று போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்களா கண்டுபிடிப்பீங்களான்னு பார்த்துட்டிருந்தேன்."

போல்ட் இருந்த ஓட்டையைச் சுற்றி, அழுக்கு ஆயிலில், சாராயக் கோப்பையின் அடிப்பாகம் அச்சு வார்த்த மாதிரி வட்டமாகப் பதிந்திருந்தது. எல்லாரும் வட்டத்தைப் பார்த்தார்கள். ஸ்தானோயே கம்பியை இழுத்தார். பம்ப், வெண்ணெயிலிருந்து கத்தி வருகிற மாதிரி, வந்தது.

ஸ்தானோயே ஒரு கோப்பை ஊற்றினார். கொடுத்தார். ஆயில் படிந்த அந்தக் கையைப் பிடித்து, விரல்களைக் கோப்பையைச் சுற்றி இறுக்கமாக மூடினார்.

"கையிலேயே வெச்சுக்கோ, போரோ."

ஞாயிற்றுக்கிழமை மணப்பெண் அந்தக் காரில்தான் போனாள். பின் சீட்டில், இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்தபடி, போரிவோயேயும் போனார். கியர் மாறுவது கொஞ்சம் லேட் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே போனார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் வீட்டிலோ ஆபீஸிலோ ஒரு காரியம் அசைய மாட்டேன் என்கிறது, பக்கத்தில் நின்று நீங்களும் ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், ஒரு நிமிஷம், உங்கள் காபியைக் கொஞ்சம் தூக்கித்தான் பாருங்களேன்.