சுப்பையா உயிரோடுதான் இருக்கிறார்

ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் நடந்த கண் முகாமில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. (எனக்கு யோசனை வந்தால் வேறு யாருக்கோ கஷ்டகாலம் ஆரம்பம் என்பாள் அம்மா. அதை வெகுநாள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.) வரிசையில் வந்த ஒரு நெசவாளியிடம் டாக்டர், "உமக்கு கருவிழி போயிருச்சு. செத்தவங்க யாராவது கண்ணு குடுத்திருந்தாத்தான் உண்டு" என்றார். அவர், "யாரு சாமி குடுப்பாக?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் சுவரைத் தடவிக்கொண்டே போய்விட்டார்.

யார் கொடுப்பார்களா? நான் வாங்கித் தருகிறேன்!

எண்பதுகளின் கடைசி அது. பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, வேலைக்கு மனுப் போடுவதையே ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தேன். அன்று சாயங்காலமே ராஜபாளையம் போய், என் கல்லூரித் தோழன் முருகேசன் வேலை பார்த்த மில் வாசலில் நின்றேன்.

"முருகேசா, கன்னியாகுமரி வரைக்கும் சைக்கிள்ல போறோம். ஊர் ஊரா இறங்கி, செத்த பொறவு கண்ணத் தாரோம்னு எழுதி வாங்குறோம்."

"யாரு செத்த பொறவு?"

"அவங்கவங்க செத்த பொறவுதான்."

"மதியம் சாப்பிட்டியாலே?" என்று அக்கறையாகக் கேட்டான்.

அரைமணி நேரத்தில் அவனைக் கரைத்துவிட்டேன். பத்து நாள் பயணம். முதலில் வடக்கே மலையடிவாரத்து ஊர்கள், பிறகு திரும்பித் தெற்கே. முருகேசன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான். முதல் கையெழுத்து, பிளவக்கல் அணைக்குக் கீழே ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அவன் அத்தை பேச்சியம்மாளிடம் வாங்க வேண்டும்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. சேத்தூரில் இருந்த அவன் அப்பா சுப்பையாவுக்கும் இந்தத் தங்கைக்கும் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவர்கள் அம்மா விட்டுப்போன ஒரு பித்தளை அண்டா யாருக்கு என்பதில் ஆரம்பித்த சண்டை. எனவே அத்தை வீட்டுக்குப் போவது அப்பாவுக்குத் தெரியக் கூடாது. இன்னொரு காரணமும் உண்டு. அவருக்கு இதயம் பலவீனம். அதிர்ச்சியான சேதி எதையும் சொல்லாதீர்கள் என்று மதுரை டாக்டர் எச்சரித்திருந்தார். வீட்டுப் பசு செத்ததைக்கூட நல்ல விலைக்கு விற்றுவிட்டோம் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு, சேத்தூரில் முருகேசன் வீட்டிலிருந்து விடிவதற்குள் கிளம்பினோம். (தொண்டு என்றால் வெள்ளை என்று எனக்குள் ஒரு எண்ணம்.) சைக்கிளில் 'கண் தானம் செய்வீர்' என்று எழுதிய அட்டை. சுந்தரபாண்டியம் தாண்டி டீ குடிக்க நிறுத்தினோம். டீ வருவதற்குள் ஒரு வெள்ளாடு அட்டையைத் தின்றுவிட்டது. வெயில் ஏறியதும் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டோம். அத்தை ஊர் எல்லைக்குப் போய்ச் சேர்ந்தபோது தலை முதல் கால் வரை புழுதி.

கண்மாய்க் கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களை நிறுத்தினார்.

"எந்தூருப்பா?"

"சேத்தூர்" என்றான் முருகேசன்.

"யாரு வீட்டுக்கு?"

"பேச்சியம்மா வீட்டுக்கு."

அவர் முகம் மாறியது. "அவ அண்ணன் சுப்பையா…?" என்று இழுத்தார். சண்டை ஊருக்கே தெரிந்திருக்கிறதே என்ற வெட்கத்தில் முருகேசன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மோராவது குடிங்கப்பா."

"நேரமில்லய்யா. இன்னும் நாலு ஊருக்குப் போய்ச் சொல்லணும்" என்றேன் சுறுசுறுப்பாக. அதோடு விட்டிருக்கலாம். பையிலிருந்து படிவத்தை எடுத்து, "உசுரு போயி ஆறு மணி நேரத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சாகணும். இல்லேன்னா பிரயோசனமில்ல" என்று விளக்கம் வேறு கொடுத்தேன். பிறகு, "சரி, அப்பக் கெளம்புறோம்."

பெரியவர் தலையில் அடித்துக்கொண்டு, மாட்டைக்கூட மறந்து ஊருக்குள் ஓடினார்.

"பாத்தியா, ரெண்டே நிமிசத்துல உருக்கிட்டேன்" என்றேன் பெருமையாக.

அங்கேயே என் பின்சக்கரம் பஞ்சர். ஒட்டி முடித்து, வாய்க்காலில் குளித்து, அத்தை வீட்டு வாசலில் போய் நிற்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வீடு பூட்டியிருந்தது. தெருவே காலி. பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி மட்டும் படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"பேச்சியக்கா வீட்ல எல்லாரும் சேத்தூருக்குப் போயிட்டாக தம்பி. அவுக அண்ணன் சுப்பையா காலையில தவறிட்டாகளாம்."

முருகேசன் அப்படியே தெருவில் உட்கார்ந்தான். "அப்பா!" என்று அவன் போட்ட சத்தத்தில் கோழிகள் பறந்தன. நானும் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். காலையில்தானே பார்த்தோம், காப்பி குடித்துக்கொண்டிருந்தாரே! அந்த அக்காவும் எங்களோடு சேர்ந்து அழுதாள்.

கொஞ்ச நேரம் கழித்து நான்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். "நாங்களே நேரா அங்கேருந்துதான் வாரோம். எங்களுக்கு முந்தி யாருக்கா வந்து சொன்னது?"

"ரெண்டு பேரு சைக்கிள்ல வந்தாகளாம். வெள்ளச் சட்ட. தலையில துண்டு. ஒருத்தரு நெட்ட, ஒருத்தரு கண்ணாடி போட்டிருந்தாராம். மோரு குடுத்தாக்கூட வேண்டாம்னுட்டாகளாம்."

முருகேசன் நெட்டை. நான் மெதுவாக என் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

எங்கள் பக்கத்தில் கேதம், அதாவது சாவுச் செய்தி சொல்லப் போகிறவர்கள் இரண்டிரண்டு பேராகத்தான் போவார்கள். உட்கார மாட்டார்கள், தண்ணீர் குடிக்க மாட்டார்கள். கிளம்பும்போது 'போயிட்டு வாரோம்' என்று சொல்லவும் மாட்டார்கள். இதெல்லாம் எனக்கும் தெரியும். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் செய்துகாட்டியிருந்தேன், அதுவும் படிவத்தோடு.

"அப்பா சாகலியாலே?" என்றான் முருகேசன், பாதி அழுகையில்.

"சாகல."

சிரித்தான். அடுத்த நொடியே முகம் வெளிறியது. "ஏலே, முப்பது பேரு மாலையோட ஒப்பாரி வச்சுக்கிட்டு வாசல்ல போய் எறங்குனா, அப்பா நெஞ்சு தாங்குமா?"

அதற்குப் பிறகு நாங்கள் சைக்கிள் மிதித்ததை எந்தப் போட்டியிலாவது மிதித்திருந்தால் பதக்கம் கிடைத்திருக்கும். அவர்கள் டிராக்டரில் வத்திராயிருப்பு போய், அங்கே வேன் பிடித்துவிட்டார்கள் என்று தெரிந்தது. நாங்கள் சைக்கிள்களைப் பஸ் கூரையில் ஏற்றி, பஸ் மாறி மாறி, சேத்தூரில் இறங்கியபோதே அழுகைச் சத்தம் கேட்டது.

அப்போது எதிரே, தோப்பிலிருந்து கையில் முருங்கைக்காயோடு நடந்து வந்தார் சுப்பையா.

"ஏலே, கன்னியாகுமரிக்கில்லா போன? அதுக்குள்ள வந்துட்ட? நம்ம தெருவுல என்ன சத்தம்?"

பக்குவமாகச் சொல்ல வேண்டும். முருகேசன் வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. நான் முந்திக்கொண்டேன். "ஒண்ணுமில்லப்பா, பதறாதீங்க. நீங்கதான் செத்துட்டீங்க."

அவர் கை மெல்ல நெஞ்சுக்குப் போனது. எங்கள் இரண்டு பேருக்கும் மூச்சு நின்றது. சட்டைப் பையிலிருந்து பொடி மட்டையை எடுத்து, ஒரு சிட்டிகை உறிஞ்சினார். நடந்ததை முழுக்கக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"பேச்சி வந்திருக்காளா?"

"வந்திருக்காக."

"அழுதாளா?"

"வண்டி ஏறுனதுலேருந்து அழுதாகளாம்."

"அப்படியா!" அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். "செத்த நேரம் சும்மா இருங்கலே. என்ன சொல்லி அழுதான்னு கேப்போம்."

மூன்று பேரும் வைக்கோல் படப்புக்குப் பின்னால் நின்றோம். வீட்டு முற்றத்தில் அத்தையின் குரல் கணீரென்று எழுந்தது.

"ஆத்தாளுக்குப் பொறவு எனக்கு ஆத்தாளா இருந்தீகளே, என் அண்ணே… ஆறு வருசம் பேசாத பாவி நானில்லையா…"

சுப்பையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எம்புட்டுப் பாசம் பாத்தியாலே" என்று மகன் காதில் கிசுகிசுத்தார். பாட்டு தொடர்ந்தது.

"பித்தள அண்டாவப் பூட்டிப் பூட்டி வச்சீகளே, என் அண்ணே… பூட்டுச் சாவிய யாருகிட்டக் குடுத்துப் போனீகளோ…"

"ஏட்டி பேச்சி!" என்று படப்பைப் பிய்த்துக்கொண்டு பாய்ந்தார் சுப்பையா. "பூட்டுனது நானில்லட்டி, ஒம் மதினி!"

மாலையை வைத்திருந்தவர் அதை வீசிவிட்டுச் சுவரேறிக் குதித்தார். இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். தோப்புக்குப் போன இடத்தில்தான் புருஷன் போய்விட்டார் என்று நம்பி, தலைவிரி கோலமாக அழுதுகொண்டிருந்த முருகேசனின் அம்மா மட்டும் நிமிரவே இல்லை. "பாருங்க, செத்தும் என்னயத்தான் குத்தம் சொல்லுதாக!"

அத்தை எழுந்து வந்து அண்ணன் கன்னத்தை ஒரு கிள்ளு கிள்ளினாள். அவர் "ஆ!" என்று கத்திய பிறகுதான் நம்பினாள். நாங்கள் நடந்ததைச் சொல்லி முடித்ததும், கீழே கிடந்த மாலையை எடுத்து அவரை இரண்டு அடி, முருகேசனை நாலு அடி, என்னை மாலை பிய்கிற வரைக்கும். "கண்ணு கேக்க வந்த மொகரையப் பாரு! வந்தவன் உக்காந்து தண்ணி குடிக்கக் கூடாதா?"

முப்பது பேருக்கும் சோறு ஆக்க வேண்டியிருந்தது. ஊரில் அந்த அளவுக்குப் பெரிய பாத்திரம் ஒன்றுதான் இருந்தது. மதினி சாவியை எடுத்துத் தந்தாள். நாத்தனார் அரிசி களைந்தாள். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை, ஆனால் ஒரே அடுப்பில் விறகு தள்ளினார்கள்.

சாப்பிட்டதும் சுப்பையா படிவத்தைக் கேட்டு வாங்கினார். "ஒரு தடவ செத்துப் பாத்தாச்சு. பெருசா ஒண்ணுமில்ல. எங்கலே கையெழுத்துப் போடணும்?"

அத்தை பதறினாள். "கண்ணக் குடுத்துட்டா மேல போயி எப்படிண்ணே பாப்ப?"

"ஒம் மொகத்த ஆறு வருசம் பாக்காம இருந்தேன், எனக்கென்ன பார்வ இருந்துச்சா? போடி!"

அவள் அழுதாள். இந்த முறை பாட்டு இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானும் கைநாட்டு வைத்தாள்.

இன்றைக்கும் அந்த இரண்டு வீட்டுக்கும் நான் போன் செய்தால் 'நல்லாருக்கியா' என்று யாரும் கேட்பதில்லை. "இந்தத் தடவ யாருப்பா?" என்றுதான் கேட்பார்கள். என் வீட்டில் என் மகள்கூட, நான் சைக்கிளை எடுத்தால், "அப்பா, தண்ணி குடிச்சிட்டுப் போங்க, ஊர்ல யாரும் பயந்துரக் கூடாது" என்கிறாள்.

ஆனால் அன்று மாலை எங்களுக்குப் பெரிய கவலை வேறு. கன்னியாகுமரி அப்படியே பாக்கி இருந்தது. திங்கட்கிழமை மறுபடி கிளம்புவதென்று முடிவு செய்தோம். வெள்ளைச் சட்டை கூடாது, யார் எதைக் கொடுத்தாலும் குடிக்க வேண்டும் என்று ஆளாளுக்குச் சட்டம் போட்டார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சுப்பையா, பொடி மட்டையை மூடினார்.

"அதெல்லாம் சரிப்படாது. நான் மொத பஸ்ஸுல முன்னாடி போயிருதேன். ஊருக்கு ஊரு டீக்கடையில உக்காந்து, 'ரெண்டு பயலுக சைக்கிள்ல வாரானுவ, யாரும் சாகல'ன்னு சொல்லி வைக்கேன். பொறவு நீங்க வந்து கண்ணக் கேளுங்க."